645 ஓட்டங்கள்

கேள்வி: ஆங்கிலத்தில் 'ரன்' என்ற குட்டிச் சொல்லுக்கு மட்டும் 645 அர்த்தங்கள் இருக்கின்றனவாம். தமிழில் ஒரு சொல்லுக்கு நாலைந்து தேறினாலே அதிகம். ஆங்கிலம்தான் வளமான மொழி என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: வேண்டும்.

645 என்பதில் பொய் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் கணக்கு அது, அதுவும் வினைச்சொல்லுக்கு மட்டும். கிரிக்கெட்டில் எடுக்கிற 'ரன்' பெயர்ச்சொல், அதற்குத் தனிப் பதிவு. பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் இந்த ஒரு வினையோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். மனிதரின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

ஆனால் 'ரன்' முதலிடத்துக்கு வந்த கதையையும் கேளுங்கள். 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்', 430 பொருள். பிறகு அகராதியை முழுசாகத் திருத்த ஆரம்பித்தார்கள். 2000-இல் 'எம்' எழுத்திலிருந்து வேலை வெளிவரத் தொடங்கியது. முதலில் 'மேக்' நீண்டது, அப்புறம் 'புட்', 2011-இல் 'ரன்'. எம், பி, ஆர்... எழுத்து வரிசையைக் கவனித்தீர்களா? திருத்துகிறவரின் மேசைக்கு எந்தச் சொல் வந்ததோ அது நீண்டது. 'எஸ்'ஸில் தொடங்கும் 'செட்'டுக்கு அப்போது முறையே வரவில்லை. இதை வைத்து மொழிக்கு மார்க் போடுவதா?

சரி, 645-இல் என்னதான் இருக்கிறது? ஆறு ஓடினால் 'ரன்'. மூக்கு ஒழுகினால் 'ரன்'. துணியில் சாயம் போனால், காய்ச்சல் அடித்தால், நாடகம் நூறு நாள் நடந்தால், ஒருவர் கடை நடத்தினால், எல்லாம் 'ரன்'தான். நாம் ஒழுகு, போ, அடி, நட, நடத்து என்று ஆளுக்கொரு வினையை வைத்திருக்கிறோம். அங்கே பாவம், ஒரே சொல் அத்தனை வேலையும் பார்க்கிறது. இயந்திரங்கள் வந்தபின் அதன் சுமை இன்னும் கூடியது. இன்ஜினும் மென்பொருளும் அதன் தலையில்தான். இதில் ஒரு வேடிக்கை: தேர்தல் வந்தால் அமெரிக்கர்கள் 'ஓடுகிறார்கள்', பிரிட்டனில் 'நிற்கிறார்கள்'. நம் வேட்பாளர்களும் நிற்கிறவர்களே, ஜெயித்த பிறகு ஓடுவது வேறு விஷயம்.

இனி உங்கள் 'நாலைந்து'. படம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, பிழைப்பு ஓடுகிறது, யோசனை ஓட மறுக்கிறது. (கூரை ஓடும் ஆமை ஓடும் வேறு சொற்கள், அவற்றைச் சேர்த்து எண்ணினால் அது கள்ளக்கணக்கு.) 'ஓடு' கூடப் பரவாயில்லை, 'போடு' என்று ஒன்று இருக்கிறதே! காலையில் கோலம் போட்டு, காபி போட்டு, சட்டை போட்டு, பிள்ளையோடு ஒரு சண்டையும் போட்டுவிட்டுத்தான் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம். பூனை குட்டி போடும், வக்கீல் கேஸ் போடுவார், சீட்டுக் கம்பெனிக்காரர் நாமம் போடுவார். எவனோ ஒருவன் நம்மைப் போட்டுக்கொடுப்பான். 'உடைத்துப்போட்டான்' என்னும்போது அது துணைவினையாகவும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒரு சொல் பல பொருள் தருவது நமக்குப் புதுச் செய்தியும் இல்லை. வினையால் பொருள் பிரிவது, வினையாலும் பிரியாதது என்று தொல்காப்பியரே அதை இரண்டாக வகுத்திருக்கிறார். 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடியது' என்றால் விலங்கு. பழைய செய்யுள் அகராதியான சூடாமணி நிகண்டு இதற்கென்றே ஒரு தொகுதியை ஒதுக்கியது.

பக்கத்து நூலகத்தில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இருக்கும். 'போடு' வருகிற பக்கத்தைத் திறந்து, விரல் விட்டு எண்ணி, எத்தனை என்று எழுதியனுப்புங்கள். பிரசுரிக்கிறேன்.