கழுத்து வலிக்கு எந்த ஊசி? நுகர்வோர் கேள்வி-பதில்

கே: பல மாதமாகக் கழுத்து, தோள்பட்டை வலி. டாக்டர் மருந்து ஊசி என்கிறார். பிசியோதெரபிஸ்ட் 'டிரை நீடிலிங்' என்கிறார். எதற்குச் செலவழிக்கலாம்? - வாசகி, திருப்பூர்

ப: இரண்டும் குறிவைப்பது ஒன்றைத்தான்: தசைக்குள் இறுகி, அழுத்தினால் தலைவரை வலி ஏறும் முடிச்சு. டிரை நீடிலிங்கில் வெறும் ஊசி. மற்றதில் லிக்னோகெய்ன் போன்ற மரப்பு மருந்தும் இறங்கும். இடம் சரியாக இருந்தால் தசை சட்டென்று ஒரு துடி துடிக்கும். பல ஆய்வுகளில் நிவாரணம் ஏறத்தாழச் சமம். மருந்து சேர்ந்தால் குத்திய இடத்து வலி குறைவு. அதனால் விலையைவிட, குத்துபவரின் பயிற்சியை விசாரியுங்கள். தோள்பட்டைத் தசைக்கு அடியில் நுரையீரலின் நுனி இருக்கிறது. அரிதாக ஊசி அதைத் துளைத்துவிடுவது உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லுங்கள். கை மரத்துப்போனால், பிடி தளர்ந்தால் முதலில் நரம்பைப் பரிசோதிக்க வேண்டும். எந்த ஊசி போட்டாலும் உடற்பயிற்சியை விடக் கூடாது.

கே: இதே வலிக்கு போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் மருந்து) ஊசி போடலாமா? - சேலம்

ப: வேண்டாம். சாதாரண ஊசியைவிட மேல் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கழுத்து தானாகத் திருகிக்கொள்ளும் நோய்க்குத்தான் அது நல்ல மருந்து.

கே: வலிக்கு அதிர்வலை (ஷாக்வேவ்) சிகிச்சை, 10 அமர்வு 'பேக்கேஜ்'. முழுப் பணமும் ஜிபேயில் கட்டினேன். மூன்றிலேயே வலி கூடிவிட்டது. பணம் திரும்பாது என்கிறார்கள். பில்லும் தரவில்லை. - மதுரை

ப: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த பேக்கேஜ் வியாபாரத்தின் மேல் எனக்கு ஆறாத கோபம். உடம்பு எப்படி ஏற்கும் என்று முதல் அமர்வுக்கு முன் எவருக்கும் தெரியாது. பிறகு பத்துக்கும் சேர்த்து எப்படிப் பணம் வாங்குகிறார்கள்? வலியில் இருப்பவர் பேரம் பேசமாட்டார் என்ற தைரியம்தான். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். ஜிபே பதிவு உங்கள் சாட்சி. மீதி ஏழு அமர்வுக்கான பணத்தை எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. கொடுத்த தொகை 5 லட்சம்வரை மனுக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

கே: ஊசிக்கு முன் கொடுத்த படிவத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். என்ன படிவம் என்றே தெரியாது. - கரூர்

ப: உடம்பில் ஊசி ஏறப்போகிறது, அதைக்கூடப் படிக்க மாட்டீர்களா? இன்றே போய் நகல் கேட்டு வாங்குங்கள்.

கே: மசாஜ் துப்பாக்கி (தசையைத் தட்டும் மின்கருவி) வாங்கலாமா? - நாகை

ப: நான் வாங்கியதன் மோட்டார் வாரன்டி முடிவதற்குள் நின்றது, கடைக்காரர் சர்வீஸ் சென்டரைக் கைகாட்டினார், அங்கே பூட்டுதான் தொங்கியது. வாங்குவதானால் சர்வீஸ் சென்டர் உங்கள் ஊரில் இருக்கிறதா என்று பாருங்கள். கழுத்தின் முன்பக்கத்தில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள்.