மகள் கம்பெனிகளுக்குப் போட்டோ எடுக்கப் போகிறாளாம்: ஒரு தாய்க்கு என் பதில்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நன்றாகப் படிக்கிற பெண், பள்ளிப் படிப்பு முடியும் நேரத்தில் "நான் பிசினஸ் போட்டோகிராபர் ஆகப்போகிறேன்" என்கிறாள். "கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கவா இவ்வளவு படித்தாய்?" என்று நீங்கள் கேட்க, அவள் இரண்டு நாள் பேசவில்லை. உங்களுக்குக் கேமரா முன்னால் நிற்கவே பிடிக்காது என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அவள் சொல்வது என்ன தொழில் என்று பார்ப்போம். கம்பெனி இணையதளத்தில் இருக்கும் நிர்வாகிகளின் படங்கள், ஆண்டறிக்கையில் வரும் ஆலைக் காட்சிகள், அலுவலகக் கட்டடத்தின் உட்புறம், கருத்தரங்கு மேடை என்று எல்லாவற்றையும் யாரோ ஒருவர் எடுத்துத்தானே ஆக வேண்டும்? அந்த ஆள்தான் பிசினஸ் போட்டோகிராபர். ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு ஒருமுறை கூப்பிடும். கம்பெனிக்கோ புது ஆள் சேரும்போதும் புது இயந்திரம் வரும்போதும் படம் தேவைப்படும். வேலையும் பெரும்பாலும் வார நாட்களில், பகல் நேரத்தில்தான். உங்கள் கவலையில் ஒரு பகுதி இதிலேயே குறையும் என்று நினைக்கிறேன்.

முன்பு என்னிடம் ஆலோசனைக்கு வந்த மாணவர் ஒருவர் இப்போது இந்தத் தொழிலில் இருக்கிறார். பிள்ளைகளுக்குச் சொல்லும் முன் நானே பார்த்துவிட வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க அவருடன் இருந்தேன். அன்று ஒரே அலுவலகத்தில் 40 பேரைப் படம் எடுக்க வேண்டும், ஆளுக்கு ஐந்து நிமிடம். முதல் ஆள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விட்டார். கூரை விளக்குகளை அணைக்கச் சொன்னார். அந்த வெளிச்சமும் பிளாஷ் வெளிச்சமும் கலந்தால் முகத்தில் பச்சை சாயல் ஏறுமாம். கண்ணாடி போட்டவர் வந்தால் விளக்கைக் கொஞ்சம் மேலே தூக்குவார், கண்ணாடியில் வெளிச்சம் பளிச்சென்று தெரியாமல் இருக்க.

இதையெல்லாம் யாரும் கற்றுக்கொள்ளலாம். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் "எனக்கு போட்டோவே நல்லா வராது" என்று சொல்லிக்கொண்டேதான் வந்தார்கள். அவர் உடனே கேமராவைத் தொடவில்லை. "இன்றைக்கு என்ன வேலையாக இருந்தீர்கள்?" என்று கேட்பார். பேச்சில் முகம் இளகும். மூச்சை மெதுவாக விடச் சொல்வார், அப்புறம்தான் படம். எடுத்ததும் அவர்களுக்கே காட்டுவார். 40வது ஆளிடமும் அதே பொறுமை. மாலையில் சாப்பிட உட்காரும் முன் எல்லாப் படங்களையும் இரண்டு தனித்தனி டிஸ்க்குகளில் ஏற்றினார். அவர் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே போவது வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான். மற்ற நாட்களில் எடிட்டிங், விலைப்புள்ளி, பில், பணம் கேட்டு நினைவூட்டல். உங்கள் மகளுக்கு இந்தப் பகுதியையும் படித்துக் காட்டுங்கள்.

இந்தத் துறையில் அவள் அறிந்துகொள்ள வேண்டிய பெண் மார்கரெட் போர்க்-ஒயிட். 1946இல் ராட்டையருகே காந்தியடிகளைப் படம் எடுத்தவர் அவர்தான். அதற்கு முன்னால் ராட்டை சுற்றக் கற்றுக்கொள்ளச் சொன்னார்களாம், கற்றுக்கொண்டார். அவர் பெயர் வெளியே தெரிந்தது இரும்பாலைப் படங்களால். 1920களின் கடைசியில், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், உருகிய எஃகைப் படம் பிடிக்க முயன்றார். அன்றைய பிலிமுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது, படங்கள் இருண்டே போயின. விடாமல் முயன்று, வெள்ளை வெளிச்சம் தரும் மக்னீசியத் தீப்பந்தங்களைக் கொளுத்தச் செய்து எடுத்தார். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் 1929இல் பார்ச்சூன் வணிகப் பத்திரிகை அவரை வேலைக்கு அழைத்தது. ஆர்னால்ட் நியூமேன் என்ற போட்டோகிராபரின் படங்களையும் பார்க்கட்டும். 1946இல் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியை எடுத்த படத்தில் பியானோவின் மூடிதான் பெரிதாக நிற்கும், ஆள் ஒரு மூலையில் சிறிதாக இருப்பார். எடுக்கச் சொன்ன பத்திரிகை அதைப் போடவில்லை. இன்று நியூமேன் எடுத்தவற்றிலேயே அதிகம் பேசப்படுவது அதுதான்.

சரி, பணம். வருமானம் சீராக வராது, இதை மறைக்க மாட்டேன். பெரிய கம்பெனிகள் வேலை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக்கூடப் பணம் தரும். அதனால் அட்வான்ஸ் வாங்காமல் தேதி கொடுக்கக் கூடாது. படங்களை எங்கே, எத்தனை வருடம் பயன்படுத்தலாம் என்பதையும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தொடங்கும்போது ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கட்டும். வெறும் முகப் படங்களை மட்டும் நம்புவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அதில் ஒரு பங்கை செல்போனும் செயற்கை நுண்ணறிவும் எடுத்துக்கொள்ளும். இன்று இந்த ஆலையில் இந்த மனிதர்கள் செய்த வேலையைக் காட்ட, ஒருவர் அங்கே போய் நின்றுதான் ஆக வேண்டும். அப்படிப் போகும் இடத்தில் தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி எல்லாம் உண்டு. எரிவாயு கசியக்கூடிய இடங்களில் அனுமதிச் சீட்டு இல்லாமல் பிளாஷ் அடிக்கவே கூடாது. இந்த ஒழுங்கை அவள் ஒரு மூத்தவரிடம் நின்று கற்க வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. பட்டப்படிப்பை விட வேண்டாம். வணிகவியலோ வேறு எதுவோ, கணக்கும் கடிதமும் எழுதத் தெரிந்தால் போதும். கூடவே விடுமுறைகளில் ஒரு போட்டோகிராபரிடம் உதவியாளராகச் சேரட்டும். விளக்குத் தாங்கிகளைத் தூக்குவதும் வயர் சுற்றுவதும்தான் முதல் வருடம். அதிலும் அவள் முகம் வாடாமல் இருந்தால் கேமரா வாங்கித் தரலாம். பழைய கேமராவே போதும், ஆனால் இரண்டு மெமரி கார்டு போடும் வசதி வேண்டும். ஒன்று பழுதானால் இன்னொன்றில் படம் இருக்கும். முகப் படங்களுக்கு ஏற்ற 85 மி.மீ. லென்ஸ் ஒன்று, பிளாஷ் இரண்டு. மற்றதை வாடகைக்கு எடுக்கலாம்.

அடுத்த முறை வரும்போது அவளை ஐந்து படங்கள் கொண்டுவரச் சொல்லுங்கள். பூவும் சூரிய அஸ்தமனமும் வேண்டாம். அவளுக்குப் பழக்கமில்லாத நான்கு பேர், அவரவர் வேலை செய்யும் இடத்தில், அனுமதி கேட்டு எடுத்தவை. ஐந்தாவது படம் உங்களுடையது. அது பிடித்திருந்ததா என்று நான் உங்களிடம்தான் கேட்பேன்.