8 சதவீதப் பங்குதான் இருக்கிறது, நான் ‘இன்சைடரா’?

கேள்வி: அமெரிக்கப் பங்குச்சந்தையில் பட்டியலான ஒரு நிறுவனத்தின் 80 லட்சம் பங்குகள் என்னிடம் உள்ளன. மொத்தப் பங்குகள் 10 கோடி. இது தவிர 30 லட்சம் வாரண்டுகளும் (குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமைப் பத்திரங்கள்) உண்டு. எப்போது வேண்டுமானாலும் பங்காக மாற்றிக்கொள்ளலாம். நான் இயக்குநரும் இல்லை, ஊழியரும் இல்லை. சட்டம் என்னை இன்சைடராக, அதாவது நிறுவனத்தின் உள்வட்டத்தில் இருப்பவராகப் பார்க்குமா?

பதில்: பார்க்கும். உங்கள் கணக்கைக் கெடுப்பது அந்த வாரண்டுகள்தான்.

அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டு செக்யூரிட்டீஸ் எக்ஸ்சேஞ்ச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, இயக்குநர்களையும் உயர் அதிகாரிகளையும் மட்டுமல்ல, ஒரு வகைப் பங்கில் 10 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவரையும் இன்சைடராகவே நடத்துகிறது. 60 நாட்களுக்குள் உங்கள் கைக்கு வரக்கூடிய பங்குகளையும் இதில் சேர்க்க வேண்டும். ஆக, உங்களுடையது 110 லட்சம். மொத்தத்திலும் உங்கள் 30 லட்சத்தை மட்டும் கூட்டினால் 1,030 லட்சம். விகிதம் சுமார் 10.7 சதவீதம்.

ஆனால் வாரண்டு ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். 9.99 சதவீதத்தைத் தாண்டும்படி மாற்றிக்கொள்ள முடியாது என்று பல ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை இருக்கும். வக்கீல்கள் அதை எழுதி வைப்பதே பெரும்பாலும் இந்த 16ஆம் பிரிவுக்குப் பயந்துதான். அப்படி ஒன்று உண்மையிலேயே உங்களைக் கட்டுப்படுத்தினால், நீங்கள் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள்.

இல்லையென்றால் 10 நாட்களுக்குள், உங்கள் பங்கு இருப்பைத் தெரிவிக்கும் படிவம் 3 தாக்கல் செய்ய வேண்டும். அதன்பின் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள், அதைத் தெரிவிக்கும் படிவம் 4. ஆறு மாதத்துக்குள் வாங்கி விற்றோ, விற்று வாங்கியோ லாபம் பார்த்தால், நிறுவனம் அதைத் திருப்பிக் கேட்கலாம். ரகசியத் தகவல் எதுவும் தெரியாது என்று சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது. பெரும் பங்குதாரருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: வாங்கும்போதும் விற்கும்போதும் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் இந்த விதி பாயும். எமர்சன் நிறுவனம் இன்னொரு நிறுவனத்தில் தன்னிடமிருந்த 13.2 சதவீதப் பங்கில் ஒரு பகுதியை விற்று 9.96-க்கு இறங்கியது, அப்புறம் மீதியையும் விற்றது. அந்த இரண்டாவது விற்பனையின் லாபத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, 10-க்குக் கீழே இருந்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. வெளியே வராத முக்கியத் தகவலை வைத்து வர்த்தகம் செய்வதைத் தடுக்கும் 10பி-5 விதிக்குச் சதவீத வரம்பே கிடையாது. நம்பிக்கையை மீறி ஓர் இயக்குநர் ஏதோ ஆதாயத்துக்காகக் கசியவிட்ட தகவல் அது என்று தெரிந்தே நீங்கள் விற்றால், நூறு பங்கு வைத்திருந்தாலும் சிக்கல்தான். இந்தியாவில் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2015 விதிமுறைகளும் இன்சைடர் யார் என்பதைப் பங்கின் அளவை வைத்து முடிவு செய்வதில்லை. நிறுவனத்தோடு உள்ள தொடர்பையும் கையில் உள்ள தகவலையும்தான் பார்க்கின்றன.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. 5 சதவீதத்தைத் தாண்டியபோதே, அந்தப் பங்கு இருப்பைத் தெரிவிக்கும் 13டி அல்லது 13ஜி அறிக்கை தாக்கல் செய்திருக்க வேண்டும். செய்யவில்லையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.