கிருஷ்ணகிரியிலிருந்து குடும்பத்துடன் ஒரே நாளில் போய்வர, நுழைவுக் கட்டணம் இல்லாத பூங்கா எது?

வீட்டில் வயதான மாமியாரும் பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகளும் இருப்பதாகவும், காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும் என்றும் கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இந்த நிபந்தனைகளுக்குப் பொருந்துவது பெங்களூரின் கப்பன் பூங்கா என்பது என் கருத்து. எங்கள் குடும்பம் கிருஷ்ணகிரியில் வசிக்கிறது. விருந்தினர் வந்தாலும், பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டாலும் நாங்கள் முதலில் நினைப்பது அந்தப் பூங்காவைத்தான்.

பலரும் லால்பாக்கையே பரிந்துரைப்பார்கள். அது அழகான தோட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டும், மலர்க்கண்காட்சி நாட்களில் கூட்டமும் தாங்காது. கட்டணம் சிறியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். தொகையைவிட, சீட்டு எடுத்தபின் நம் மனம் போகும் போக்குதான் எனக்குப் பிரச்சினையாகத் தெரிகிறது. பணம் கொடுத்து உள்ளே போனவுடன், ஒன்றையும் விடாமல் பார்த்துவிட வேண்டும் என்று குழந்தைகளை இழுத்துக்கொண்டும் பெரியவர்களை அவசரப்படுத்திக்கொண்டும் நடக்கத் தொடங்கிவிடுகிறோம். கப்பன் பூங்காவில் அந்த நெருக்கடி இல்லை. ஒரு மணி நேரம் மர நிழலில் உட்கார்ந்துவிட்டு, பசித்தால் வெளியே போய்ச் சாப்பிட்டு, வேண்டுமானால் மீண்டும் உள்ளே வரலாம். முதல்முறை எங்களுடன் வந்த என் அத்தை, உள்ளே நுழைந்து நெடுந்தூரம் நடந்த பிறகும், "டிக்கெட் எடுக்காமலே வந்துட்டோமே, யாராச்சும் கேட்டா என்னப்பா சொல்றது?" என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பூங்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்ட் சாங்கி 1870-இல் ஏறத்தாழ 100 ஏக்கரில் இதை அமைத்தார். பிற்காலத்தில் அது சுமார் 300 ஏக்கராக விரிந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். 1927-இல் சாமராஜேந்திரப் பூங்கா என்று அரசு பெயர் மாற்றியபோதும், ஆட்டோக்காரரிடம் கப்பன் பார்க் என்று சொன்னால்தான் புரியும். உயர்நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடம், மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் நினைவாக எழுப்பப்பட்ட நூலகக் கட்டடம், பாண்டு வாத்திய மேடை ஆகியவை மரங்களுக்கு இடையே ஆங்காங்கே நிற்கின்றன.

போகும் வழியைத்தான் நீங்கள் கவனமாகத் தீர்மானிக்க வேண்டும், ஏனென்றால் பூங்கா இலவசமாக இருந்தாலும் அங்கே போய்ச் சேர்வதற்குச் செலவு உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். தர்மபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாகச் செல்லும் ரயில் இருக்கிறது, நம் நகருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பேருந்தில் சென்றால் இரண்டு விதமாகப் போகலாம். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறக்கப்பட்டிருப்பதால், பொம்மசந்திராவிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ இறங்கி மெட்ரோ ஏறிவிடலாம். ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கும் மெஜஸ்டிக்கில் ஊதாத் தடத்துக்கும் மாறினால், பூங்காவின் பெயரையே தாங்கிய நிலையத்தில், அதன் ஓரத்திலேயே கொண்டுபோய் விடும். பேருந்து அங்கெல்லாம் தானாக நிற்கும் என்று நம்பியிருக்காமல், ஏறும்போதே நடத்துநரிடம் சொல்லிவைப்பது நல்லது. எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி மேம்பாலத்தில் ஏறிவிட்டால் சில்க் போர்டு வரை இறங்க வழியில்லை.

இரண்டு இடங்களில் தடம் மாறுவது பிள்ளைகளுக்கு விளையாட்டு, மூட்டு வலி உள்ளவர்களுக்குத் தண்டனை. மின்தூக்கியும் நகரும் படிகளும் இருந்தாலும், மெஜஸ்டிக் நிலையத்தில் நடக்க வேண்டிய தூரமும் கூட்டமும் அவர்களைச் சோர்வடையச் செய்துவிடும். ஆகவே மாமியார் உடன் வருவதாக இருந்தால், பேருந்திலேயே சாந்திநகர் வரை சென்று, அங்கிருந்து ஆட்டோ பிடிப்பதையே நான் பரிந்துரைப்பேன். அந்தப் பகுதியில் தமிழ் பேசும் ஆட்டோ ஓட்டுநர்கள் அதிகம் என்பதால் மொழிச் சிக்கல் இருக்காது. மீட்டர் போடச் சொல்லிக் கேட்பது உங்கள் சாமர்த்தியம்.

நாளைப் பொறுத்தவரை, ஞாயிற்றுக்கிழமையே என் தேர்வு. வார நாட்களில் பூங்காவின் உள்சாலைகளில் வாகனங்கள் ஓடுகின்றன, ஞாயிறன்று அவற்றை அனுமதிப்பதில்லை. தார்ச்சாலை முழுவதும் பிள்ளைகள் சைக்கிளும் ஸ்கேட்டிங்கும் ஓட்ட, நம் பிள்ளைகளையும் கையைப் பிடிக்காமல் ஓட விடலாம். அன்று கூட்டம் கூடுதல் என்பது உண்மைதான் என்றாலும், இவ்வளவு பெரிய இடத்தில் நிழலுள்ள ஓர் இருக்கை கிடைக்காமல் போகாது. வளர்ப்பு நாய்களோடு வருபவர்களும் அன்று ஏராளம். நாய் என்றால் அலறும் குழந்தை இருந்தால், முன்கூட்டியே சொல்லித் தயார்ப்படுத்துங்கள்.

உள்ளே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், மரங்கள் என்றுதான் சொல்வேன். சில்வர் ஓக், தூங்குமூஞ்சி மரம், மயிற்கொன்றை என்று வரிசை வரிசையாக நிற்கின்றன. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் டபேபுயா மரங்கள் இலை உதிர்த்து இளஞ்சிவப்புப் பூவாகவே மாறிவிடுகின்றன. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது மூங்கில் புதர்தான். தொடை பருமனுள்ள மூங்கில்கள், காற்று அடிக்கும்போது ஒன்றோடொன்று உரசிப் பழைய கதவைப் போலக் கிறீச்சிடுகின்றன. அருகில் போய்ப் பார்த்தால், கைக்கெட்டும் உயரம் வரை கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். கீறல் காய்ந்து, நிறம் மாறி, எழுத்துகள் மூங்கிலில் அழியாமல் அப்படியே நிற்கின்றன. நம் பிள்ளைகளின் கையில் சாவியோ ஆணியோ இல்லாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

சிறுவர்களுக்கான பால் பவனும் அங்கே ஓடும் குட்டி ரயிலும் தனிக் கட்டணத்துக்கு உரியவை. கஸ்தூர்பா சாலைப் பக்கமுள்ள விஸ்வேஸ்வரய்யா அறிவியல் அருங்காட்சியகத்துக்கும் சீட்டு உண்டு, அதற்குள் போனால் அரை நாள் போய்விடும். ஒன்றே ஒன்றுக்குப் பணம் செலவிடலாம் என்றால், திறந்திருக்கும் நாளாகவும் அமைந்தால், அதே சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அது திங்கட்கிழமை விடுமுறை. அங்கே ஆதகூர் கல்வெட்டு என்ற நடுகல் இருக்கிறது. பொது ஆண்டு 949-ஐச் சேர்ந்த அந்தப் பழங்கன்னடக் கல்லின் மேற்பகுதியில், ஒரு நாயும் காட்டுப்பன்றியும் மோதும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். காளி என்ற அந்த வேட்டை நாய் பன்றியோடு போரிட்டு, இரண்டும் மடிந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. சோழருக்கும் ராஷ்டிரகூடருக்கும் நடந்த தக்கோலப் போரில் சோழ இளவரசர் இராஜாதித்தர் வீழ்ந்த செய்தியும் அதே கல்லில்தான் இருக்கிறது. ஊருக்கு ஊர் நடுகல் கிடைக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு, நாய்க்கும் கல் நட்ட கதை எளிதில் பிடித்துப்போகும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போய்ப் புல்தரையில் விரித்துச் சாப்பிடலாம் என்ற எண்ணம் நம் ஆட்களுக்கு இயல்பாக வரும். பூங்காவுக்குள் அப்படிப் பந்தி விரித்தால் காவலர்கள் வந்து எழுப்பிவிடுகிறார்கள். குப்பையும், அதைத் தேடிவரும் தெருநாய்களும் எலிகளும் காரணம் என்பதால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. காலைச் சிற்றுண்டியை ஓசூரில் முடித்துக்கொண்டு, மதியம் எம்.ஜி. ரோடு பக்கம் நடந்தோ, மெட்ரோவில் ஒரே ஒரு நிலையம் சென்றோ சாப்பிடுவதே வசதி. குடிநீரைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். கழிப்பறைகள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதால், பெரியவர்களை உட்காரவைக்கும் இடத்தைக் கழிப்பறைக்குப் பக்கமாகத் தேர்ந்தெடுங்கள்.

மாலை 4 மணிக்குக் கிளம்பினால் போதும். ஞாயிறு மாலை ஓசூர் சாலையில் கூட்டம் பெரும்பாலும் ஊருக்குப் போய்விட்டுப் பெங்களூருக்குத் திரும்பும் கூட்டம்தான், நாம் எதிர்த்திசையில் வருகிறோம். கைக்குழந்தையோடு இவ்வளவு தூரம் வேண்டாம் என்று தோன்றினால், 1957-இல் திறக்கப்பட்ட நம் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட) அணையை ஒட்டிய பூங்காவே போதுமானது. அங்கே சிறு கட்டணம் உண்டு, நிழலும் குறைவு. வெயில் தாழ்ந்த பிறகு போய், வாசலில் மீன் வறுவல் வாங்கித் தின்றுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம்.