முகம் உப்பித் தெரிவது டிவியின் கோளாறு இல்லை

செங்கோட்டையில் புதிதாக 43 இன்ச் ஃபுல் எச்டி டிவி வாங்கினீர்கள், கேபிளில் மலையாளச் செய்தி வைத்தால் வாசிப்பவர் முகம் உப்பித் தெரிகிறது, அடியில் ஓடும் வரி பாதி வெட்டுப்படுகிறது, அதுதானே? கடைக்காரரோடு மல்லுக்கட்டப் போக வேண்டாம். உங்கள் டிவித் திரை அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள், அதாவது 16:9 வடிவம். சாதாரண எஸ்டி (எச்டியைவிடத் தெளிவு குறைந்த) சானல் அதிகபட்சம் 720க்கு 576தான், அதுவும் 4:3 வடிவில் வந்தால் டிவி அதை அகலத்துக்கு இழுக்கும், ஆள் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருத்துவிடுவார்.

கேபிள் பெட்டியை (செட்டாப் பாக்ஸ்) மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் டிவியோடு இணைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டு எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் ஒன்றாக வரும் ஒற்றை வயர்) போடுங்கள். பெட்டியின் மெனுவில் டிவி வடிவம் 16:9, படம் 'பில்லர்பாக்ஸ்' (படத்தை இழுக்காமல் அதன் வடிவிலேயே காட்டுவது) என்று வையுங்கள். அப்புறம் டிவியில் ஜூமை எடுத்துவிட்டு 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' (கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்) வையுங்கள், ஓரத்தை வெட்டுவது நின்று அடி வரி முழுசாக வரும்.

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், வீட்டில் ‘முழுத் திரைக்குத்தானே காசு கொடுத்தோம்’ என்பார்கள், சமாளியுங்கள். எஸ்டி படம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், அதற்கு எச்டி சானல் எடுத்தால்தான் உண்டு. லேப்டாப்பை இணைத்தால் மட்டும் மறக்காமல் 1920க்கு 1080 வையுங்கள், வேறு எதில் வைத்தாலும் எழுத்து கலங்கும்.