மழையில் யார் மரம் வெட்டுவார்?

வணக்கம் ஐயா,

நான் காஜாங்கில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வயது 29. பாட்டி முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். நான் அடுக்குமாடியில் வளர்ந்தவள். பாட்டியை மனத்தில் வைத்து ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். இணைத்துள்ளேன். ஆறு முறை திருத்தியும் உயிர் வரவில்லை. இணையத்தில் ஒரு கதைப் பயிற்சியில் சேர்ந்தேன். ‘சொல்லாதே, காட்டு’ என்றார்கள். காட்டினேன். தோழி படித்துவிட்டு அழுகாச்சி நாடகம் மாதிரி இருக்கிறது என்கிறாள். கதையைத் தன்மையில் சொல்வதா, படர்க்கையிலா? தோட்டத்துப் பேச்சில் வரும் மலாய்ச் சொற்களை அப்படியே போடலாமா? எழுத்து கற்றுக்கொள்ளக்கூடியதா, பிறவியில் வர வேண்டியதா?

ம., காஜாங், மலேசியா

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த அன்று இங்கே சுங்கை சிப்புட்டில் விடியற்காலையிலிருந்தே மழை. மழை என்றால் எனக்கு இன்னமும் அம்மா ஞாபகம்தான். மழை நாளில் மட்டும்தான் விடிந்த பிறகும் அவள் வீட்டில் இருப்பாள். அந்த நினைப்போடு உங்கள் கதையைத் திறந்தால் முதல் வரி: “கொட்டும் மழையில் நனைந்தபடி முனியம்மா பால் மரத்தை வெட்டிக்கொண்டிருந்தாள்.”

சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. 1978இல் நானும் இதே வரியை எழுதியவன். ஒரு ஞாயிறு மலரில் வந்தது, பரிசுகூடக் கிடைத்தது. நடுவர்களும் மரம் வெட்டியவர்கள் இல்லை போல. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளுக்கு முழுக்கதையையும் வாசித்துக் காட்டினேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்ததும் கேட்டாள்: “யாருடா இவ, மழையில மரம் வெட்டுறவ? எந்தத் தோட்டம்?”

“கதைம்மா” என்றேன்.

“கதைன்னா மட்டும் பால் மங்குல விழுந்துருமா?”

பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாது. கோட்டைத் தாண்டிப் பட்டையெல்லாம் பரவி வழியும். பால் பிடிக்கும் கிண்ணமான மங்கில் மழைத் தண்ணீர் நிறையும். வெட்டிய இடத்தில் பூஞ்சைநோய் வேறு பிடிக்கும். அதனால் மழை என்றால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் அன்றைய காசும் இல்லை. மழையில் நனைந்துகொண்டு அழும் முனியம்மாவைவிட, மழை விடுமா என்று இருட்டில் வாசலில் நின்று வானத்தைப் பார்க்கும் முனியம்மாவிடம்தான் கதை இருக்கிறது. அவள் அழவே வேண்டாம்.

உங்கள் இரண்டாம் பக்கத்தில் அவள் உச்சி வெயிலில் வெட்டுகிறாள். ஏம்மா, பாட்டி பக்கத்திலேயே இருக்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? விடிவதற்கு முன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதற்காகத்தான் இருட்டில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய் நிற்பதும், தலையில் விளக்குக் கட்டிக்கொள்வதும், இடுப்பில் கொசுவர்த்தி தொங்கவிடுவதும். இதில் எதுவுமே உங்கள் கதையில் இல்லை. “பாலைப் போல் அவள் இரத்தமும் வடிந்தது” மட்டும் மூன்று இடத்தில் இருக்கிறது.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். தன்மையா, படர்க்கையா? எதிலும் எழுதலாம். மலாய்ச் சொற்களா? உங்கள் பாட்டி ‘பாசார்’ என்றால் பாசார்தான். அடைப்புக்குறிக்குள் சந்தை என்று அர்த்தம் போட்டால் மட்டும் எனக்குக் கோபம் வரும். பிறவியா, பயிற்சியா? 1950இல் எழுத்தாளர்கள் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். பத்திரிகையில் பாடம் படித்து எழுத வந்தவர்கள் நம் ஊரில் உண்டு. ஆகவே கற்றுக்கொள்ளலாம். உத்தியை நான் பழிக்கவில்லை.

‘சொல்லாதே, காட்டு’ என்பதைத்தான் விட மனசில்லை. அந்தப் பயிற்சியில் எதைக் காட்டச் சொன்னார்கள்? நீங்கள் கண்ணீரை, நடுங்கும் கையை, வெடித்த உதட்டையெல்லாம் காட்டியிருக்கிறீர்கள். அந்தக் கை என்ன செய்துகொண்டிருந்தது என்பதைக் காட்டவில்லை. முதலில் முந்தைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட வேண்டும். பள்ளி விடுமுறையில் அதுதான் என் வேலை. உரித்ததை உருட்டிப் பந்தாக்கி விளையாடி அடி வாங்கியிருக்கிறேன். அப்புறம் உளி. இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக இழுக்க வேண்டும். பால் நாளங்கள் மேலே ஏறும்போது லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அப்படிக் குறுக்கே வெட்டினால்தான் அதிக நாளங்கள் அறுபடும். பட்டையைச் சீவலாக எடுக்க வேண்டும், ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருந்தால் போதும். ஆழம் குறைந்தால் பால் இல்லை, கூடினால் மரத்துக்குக் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். தோட்டத்துக் கணக்கர் கிராணியோ, மேற்பார்வை பார்க்கும் தண்டலோ வந்து அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பார்கள். இதைத் தலைவிளக்கு வெளிச்சத்தில் ஐந்நூறு மரத்துக்குச் செய்ய வேண்டும். இப்போது சொல்லுங்கள், முதல் நாள் இரவு வீட்டில் சண்டை போட்டு வந்தவளின் உளி நானூறாவது மரத்தில் எப்படி இறங்கும்? அவள் மனம் எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவே வேண்டாம். மறுநாள் தண்டல் அந்த மரத்தடியில் நிற்பதை எழுதினால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்து என்ன ஆகும் என்று வாசகரைத் தவிக்கவிட வேண்டும் என்று உங்களுக்குப் பாடம் எடுத்திருப்பார்கள். நீங்கள் அதற்காக ஒரு பாம்பைக் கொண்டுவந்திருக்கிறீர்கள். பாம்பு வேண்டாம். ஐந்நூறு மரமும் வெட்டியாகிவிட்டது. ஒன்பது மணி. மங்குகள் பாதிகூட நிறையவில்லை. வடக்கே வானம் கறுக்கிறது. இப்போதே பால் எடுத்தால் பாதி நாள் சம்பளம் மரத்திலேயே நின்றுவிடும். காத்திருந்து மழை வந்துவிட்டால் எல்லாமே தண்ணீரோடு போகும். பக்கத்து மர வரிசையில் வெட்டும் நிரைக்காரி, பால் சேர்க்கக் காண்டா வாளியைத் தூக்கிவிட்டாள். முனியம்மா தூக்குவாளா? அம்மா இந்த முடிவை வாரத்துக்கு ஒரு தடவையாவது எடுத்திருப்பாள். மூன்று தடவை தோற்றதை அவள் சாகும்வரை தேதி தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெயித்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டிருக்க வேண்டும். நாற்பது வருடத்துக்கும் மேலாக எழுதுகிறேன், அந்தக் கதையை இன்னும் எழுதவில்லை.

உங்கள் பாட்டி இருக்கிறார். இந்த வாரமே போங்கள். “அந்தக் காலத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டீர்களா பாட்டி” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்கள் பழைய கதையையே திரும்பச் சொல்வார். உளியை எப்படித் தீட்டுவீர்கள் என்று கேளுங்கள். பக்கத்து நிரையில் யார் வெட்டினார்கள், அவளுக்கும் உங்களுக்கும் என்ன சண்டை என்று கேளுங்கள்.

நான் பிறந்த தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஆனால் ஆற்றங்கரைப் பக்கம் ஒருவர் தன் சொந்த நிலத்தில் இரண்டு ஏக்கர் பால் மரம் இன்னமும் வெட்டுகிறார். மழை இல்லாத நாளாகப் பார்த்து வந்தால் கூட்டிப்போகிறேன். காலை ஐந்தரைக்கு அங்கே இருக்க வேண்டும். நீளக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கொசுவர்த்தி என்னிடம் இருக்கிறது. முடிந்தால் பாட்டியையும் அழைத்து வாருங்கள், வெட்டின கோட்டை அவர் பார்த்துச் சொல்லட்டும்.