வாசகர் கேள்வி: நரம்பு முனையில் கால்சியத்துக்கு என்ன வேலை?

கேள்வி: நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைந்தால்தான் மூளையில் ஒரு நியூரான் (நரம்புச் செல்) அடுத்த நியூரானுக்குச் செய்தி அனுப்ப முடியும் என்று படித்தேன். எலும்புக்கான சத்து என்று நாம் அறிந்திருக்கும் கால்சியத்துக்கு அங்கே என்ன வேலை? கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் நினைவாற்றல் கூடுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். மாத்திரையால் நினைவாற்றல் கூடும் என்று எதிர்பார்க்க இடமில்லை. இரத்தத்தில் உள்ள கால்சியத்தின் அளவைப் பாராதைராய்டு ஹார்மோனும் வைட்டமின் டியும் மிகக் குறுகிய எல்லைக்குள் நிறுத்தி வைக்கின்றன. தேவைக்கு மேல் உட்கொள்வது மூளையின் நியூரான்களுக்குக் கூடுதல் திறன் எதையும் தருவதில்லை. அதைவிட முக்கியமான காரணம், நியூரானுக்குள் கால்சியம் இயல்பாக மிகமிகக் குறைவாக இருப்பதால்தான் அதனால் ஒரு சமிக்ஞையாகச் செயல்பட முடிகிறது என்பதே.

நியூரானைச் சூழ்ந்திருக்கும் திரவத்தில் கால்சியம் அயனிகளின் செறிவு ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமோலார் வரை இருக்கும். ஓய்வு நிலையில் நியூரானுக்குள் இருப்பதோ அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். உள்ளே கசியும் அயனிகளைச் சவ்வில் உள்ள பம்புகள் ஆற்றலைச் செலவிட்டு இடைவிடாது வெளியேற்றுவதால்தான் இந்த ஏற்றத்தாழ்வு நிலைக்கிறது. மின்துடிப்பு நரம்பு முனையை வந்தடைந்ததும் சவ்விலுள்ள கால்சியம் வாயில்கள் ஒரு மில்லிவிநாடி அளவுக்கே திறக்கின்றன. அந்தச் சிறுபொழுதில், வாயிலை ஒட்டிய சில பத்து நானோமீட்டர் இடத்தில் மட்டும் கால்சியத்தின் செறிவு நூறு மடங்குக்கு மேல் எகிறி, உடனே தணிந்துவிடுகிறது.

ஏறத்தாழ 40 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்பைகள், செய்தியை அடுத்த செல்லுக்குக் கொண்டுசெல்லும் குளுட்டமேட் போன்ற நரம்புக்கடத்தி மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் சுமந்தபடி, அந்த வாயில்களுக்கு வெகு அருகில் காத்திருக்கின்றன. பையில் உள்ள சினாப்டோபிரெவின் என்ற புரதமும், முனையின் சவ்வில் உள்ள சின்டாக்சின், ஸ்னாப்-25 என்ற புரதங்களும் கயிற்றுப் புரிகளைப் போல ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு பையைச் சவ்வோடு சேர்த்து இழுத்துப் பிடித்திருக்கும். ஆனால் இணைப்பு முழுமை பெற்றிருக்காது. நுழைந்த கால்சியம் பையின் மீதுள்ள சினாப்டோடாக்மின் என்ற உணரிப் புரதத்தோடு பிணைந்ததும் பை சவ்வோடு கலந்து திறந்து, உள்ளிருக்கும் நரம்புக்கடத்தி வெளியே கொட்டுகிறது. கால்சியம் நுழைந்து ஒரு மில்லிவிநாடிக்குள் இத்தனையும் நடந்து முடிகிறது.

கால்சியம்தான் இதற்குக் காரணம் என்பதை நரம்பியல் ஆய்வாளர்களான பெர்னார்டு காட்சும் ரிக்கார்டோ மிலெடியும் நிறுவிய விதம் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. தவளையின் நரம்பும் தசையும் சேரும் இடத்தைக் கால்சியம் இல்லாத திரவத்தில் வைத்து, மெல்லிய கண்ணாடி ஊசியின் வழியே அந்த இடத்தில் மட்டும் ஒரு கணம் கால்சியத்தைச் செலுத்தினார்கள். நரம்பைத் தூண்டுவதற்குச் சற்று முன்பு அது வந்து சேர்ந்தால் தசைக்குச் செய்தி சென்றது. தூண்டிய பிறகு வந்தால் செல்லவில்லை. 1967இல் வெளியான இந்த ஆய்வு காலத்தின் முக்கியத்துவத்தைக் காட்டியது. அதே ஆண்டில் டாட்ஜ், ரஹமிமோஃப் என்ற ஆய்வாளர்கள் அளவின் முக்கியத்துவத்தைக் காட்டினார்கள்: கால்சியம் குறைவாக உள்ள நிலையில், அதன் அளவு இரட்டித்தால் நரம்புக்கடத்தியின் வெளியேற்றம் இரண்டு மடங்கு அல்ல, ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது. ஒரே அயனியால் அல்லாமல் பல அயனிகள் சேர்ந்து பிணைவதால்தான் வெளியேற்றம் தூண்டப்படுகிறது என்பதற்கு இது வலுவான சான்றாயிற்று. காட்ஸ் 1970இல் நோபல் பரிசு பெற்றார். சினாப்டோடாக்மினின் பங்கை விளக்கிய தாமஸ் சூடாஃப், மற்ற இருவருடன் 2013இல் அதே பரிசைப் பெற்றார்.

முதல் துடிப்பில் நுழைந்த கால்சியம் முழுவதும் அகலும் முன்பே அடுத்த துடிப்பு வந்தால், பல சினாப்ஸ்களில் (நரம்பு முனை அடுத்த செல்லைச் சந்திக்கும் இடங்களில்) இரண்டாவது வெளியேற்றம் முதலாவதைவிட மிகுதியாக இருக்கும். லாம்பர்ட்-ஈட்டன் என்ற நோயில் இதை நேரடியாகவே காணலாம். இந்நோயாளிகளின் நோயெதிர்ப்புப் புரதங்கள் நரம்பு முனையின் கால்சியம் வாயில்களைத் தாக்குவதால் தசைகள் வலுவிழக்கின்றன. ஆயினும் சில விநாடிகள் தசையை முயன்று இயக்கியதும், எஞ்சிய வாயில்கள் வழியே கால்சியம் சேர்ந்து, வலு சிறிது நேரத்துக்குத் திரும்புகிறது. இதற்குத் தரப்படும் அமிஃபாம்பிரிடின் என்ற மருந்து பொட்டாசியம் வாயில்களை அடைத்து மின்துடிப்பை நீளச்செய்கிறது; அதனால் பழுதுபடாத கால்சியம் வாயில்கள் இன்னும் சற்று நேரம் திறந்திருக்கின்றன.